வெற்றுப் பக்கத்தில் வாங்கிய கையெழுத்து

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் மூன்று, பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் கழகத்தைப் பற்றியவை. திருநெல்வேலிச் சீமையின் மூன்று வேறு பகுதிகளிலிருந்து, ஒருவரையொருவர் அறியாதவர்கள் எழுதியிருக்கிறார்கள். 34 ஆண்டுகள் இந்த மண்ணின் பள்ளிகளில் பணிபுரிந்து தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவன் என்ற முறையில் மூன்றுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன். முதல் கடிதத்துக்கான பதில் சற்று நீண்டுவிட்டது. அந்தத் தாய் எழுதியிருப்பதைப் படித்தால் ஏன் என்று வாசகர்களுக்கே புரியும்.

கேள்வி: ஐயா அவர்களுக்கு வணக்கம். என் மகள் எங்கள் ஊர் அரசு உயர்நிலைப் பள்ளியில் 8-ஆம் வகுப்பும், மகன் 6-ஆம் வகுப்பும் படிக்கிறார்கள். கணவர் திருப்பூரில் வேலை பார்க்கிறார். நான் வீட்டில் பீடி சுற்றுகிறேன். எங்கள் பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் கழகம் உண்டு. வருடத்துக்கு இரண்டு தடவை கூட்டம் என்று பிள்ளைகளிடம் சீட்டுக் கொடுத்து அனுப்புகிறார்கள், அதுவும் முந்தின நாள் சாயங்காலம். காலை 11 மணிக்கு வரச் சொல்லிவிட்டு 12 மணிக்குத்தான் தொடங்குகிறார்கள். பொன்னாடை போர்த்துவதும் விருந்தினர் பேசுவதுமாக ஒரு மணி நேரம் போய்விடுகிறது. சுளகை அப்படியே வைத்துவிட்டு வந்தவர்களுக்கு அன்றைய கூலி போனதுதான் மிச்சம். வரவு செலவை இதுவரை யாரும் வாசித்துக் கேட்டதில்லை. 6 வருடமாக அதே தலைவர், அதே பொருளாளர். சேர்க்கையின்போது கழகத்துக்கு என்று ஆளுக்கு 300 ரூபாய் வாங்கினார்கள், ரசீது தரவில்லை. பெண்பிள்ளைகள் கழிப்பறையில் தண்ணீர் வருவதில்லை. என் மகள் காலையில் வீட்டிலிருந்து கிளம்பும்போது ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடிக்காமல் போகிறாள்.

போன கூட்டத்தில் வாசலிலேயே ஒரு நீள நோட்டில் கையெழுத்து வாங்கினார்கள். பக்கத்தின் மேல்பாதி வெறுமையாக இருந்தது, கையெழுத்துகள் கீழ்ப்பாதியில் இருந்தன. 'மேலே ஏன் இடம் விட்டிருக்கிறீர்கள்' என்று கேட்டேன். 'தீர்மானத்த அப்புறமா எழுதிக்கிடுவோம், நீங்க போட்டுட்டுப் போங்கக்கா' என்றார் அங்கே இருந்தவர். நானும் போட்டுவிட்டு வந்துவிட்டேன். கணக்குக் கேட்ட இன்னொரு அம்மாவிடம், 2023 டிசம்பர் வெள்ளத்தில் நோட்டெல்லாம் நனைந்துவிட்டது என்றும், 'ஒங்க பையனும் இங்கனதான படிக்கான்' என்றும் சொல்லியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு யாருக்கும் வாய் திறக்கப் பயம். நாங்கள் என்ன செய்வது?

– பெயர் வெளியிட விரும்பாத தாய், சேரன்மகாதேவி வட்டம்

பதில்: அன்புள்ள அம்மா, உங்கள் கடிதத்தில் கணக்கு, ரசீது, பொன்னாடை என்று பல குறைகள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் முன்னால் பேச வேண்டியது உங்கள் மகள் தண்ணீர் குடிக்காமல் பள்ளிக்குப் போவது. காலை 8 மணியிலிருந்து மாலை வரை தண்ணீர் குடிக்காமலும் சிறுநீரை அடக்கிக்கொண்டும் இருக்கிற பெண் குழந்தைக்கு நீர்க்கடுப்பும் தொற்றும் வரும். வெயில் காலத்தில் மயக்கம் வரும். இதற்குக் கழகத்தின் அடுத்த கூட்டம் வரை காத்திருக்கத் தேவையில்லை. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், பள்ளியில் என்னென்ன இருந்தே ஆக வேண்டும் என்று அதன் அட்டவணையில் சொல்கிறது. ஆண்பிள்ளைகளுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் தனித்தனிக் கழிப்பறையும், எல்லாக் குழந்தைகளுக்கும் போதுமான பாதுகாப்பான குடிநீரும் அதில் அடக்கம். தண்ணீர் வராத கழிப்பறை பூட்டிய கழிப்பறைக்குச் சமம். இந்த ஒரு குறையை மட்டும் ஒரு தாளில் எழுதி, உங்களைப் போன்ற தாய்மார்கள் 8 பேர், 10 பேர் கையெழுத்திட்டு, இந்த வாரமே தலைமையாசிரியரிடம் நேரில் கொடுங்கள்.

அந்தக் கடிதத்தின் மேல் 'பள்ளி மேலாண்மைக் குழுவின் கவனத்துக்கு' என்று எழுதுங்கள். இதைச் சொல்லக் காரணம் உண்டு. நம் ஊர்களில் பெற்றோர் ஆசிரியர் கழகமும் பள்ளி மேலாண்மைக் குழுவும் ஒன்றுதான் என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சில பள்ளிகளில் இரண்டையும் ஒரே நாளில், ஒரே நாற்காலிகளைப் போட்டுக் கூட்டி, அந்தக் குழப்பத்தை வளர்த்தும் விடுகிறார்கள். பெற்றோர் ஆசிரியர் கழகம் தனக்கென்று விதிமுறைகளை வைத்துக்கொண்டு இயங்கும் சங்கம். பள்ளி மேலாண்மைக் குழுவோ நான் மேலே சொன்ன சட்டத்தின் 21-ஆம் பிரிவால் அமைக்கப்படுவது. அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்குக்குக் குறையாமல் பெற்றோராக இருக்க வேண்டும். மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். பள்ளி எப்படி நடக்கிறது என்று பார்ப்பதும், அரசு தரும் மானியம் எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பதும், பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பதும் அதன் வேலை. தமிழ்நாட்டில் 2022-இல் இந்தக் குழுக்களைப் புதிதாக அமைத்தபோது பெற்றோரில் ஒரு பெண்ணே தலைவர் என்று வைத்தார்கள். 2024-இல் மறுபடியும் அமைத்தபோது முன்னாள் மாணவர்களையும் சேர்த்தார்கள். ஆகவே உங்கள் பள்ளியிலும் உங்களைப் போன்ற ஒரு தாய்தான் அந்தக் குழுவின் தலைவராக இருக்க வேண்டும். அவர் யார் என்று கண்டுபிடியுங்கள். அவருக்கே தான் தலைவர் என்பது சரியாகத் தெரியாமல் இருக்கக்கூடும். அப்படிப்பட்ட இருவரை நானே சந்தித்திருக்கிறேன். அவரை உங்கள் பக்கம் சேர்த்துக்கொண்டால் தண்ணீர்ப் பிரச்சினை உங்கள் தனிப்பட்ட புகார் என்ற நிலையிலிருந்து சட்டப்படி அமைந்த குழுவின் தீர்மானம் என்ற நிலைக்கு வந்துவிடும்.

கழிப்பறையைப் பார்க்கப் போகும்போது சுவரையும் கூரையையும் சேர்த்துப் பாருங்கள். 2021 டிசம்பர் 17 அன்று நம் திருநெல்வேலியிலேயே ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து விழுந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அந்தப் பிள்ளைகளின் வயதில் பேரன் இருக்கிறவன் நான். பெற்றோர் அமைப்புகள் பள்ளிக் கட்டடத்தை வருடத்துக்கு ஒரு முறையாவது சுற்றிப் பார்த்து, விரிசலையும் சாய்ந்த சுவரையும் எழுதி வைக்க வேண்டும் என்று அன்றைக்கு எல்லோரும் பேசினோம். எத்தனை கழகங்களின் தீர்மானப் புத்தகத்தில் அந்த வரி இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் மனம் வலிக்கிறது.

இனி அந்த நோட்டுக்கு வருகிறேன். நீங்கள் பார்த்தது தீர்மானப் புத்தகம். ஒரு சங்கத்தின் உயிர் அந்தப் புத்தகத்தில்தான் இருக்கிறது. யார் தலைவர், எந்த வங்கியில் கணக்கு, யார் யார் கூட்டாகக் கையெழுத்திட்டுப் பணம் எடுக்கலாம், எந்தச் செலவுக்குப் பொதுக்குழு ஒப்புதல் தந்தது ஆகிய அனைத்துக்கும் அதுவே ஆதாரம். வெறுமையாக விட்ட மேல்பாதியில், 'தலைவரும் பொருளாளரும் ஒருமனதாக மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டனர்' என்று எழுதினாலும், 'வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்பட்டு ஏற்கப்பட்டது' என்று எழுதினாலும், கீழே இருப்பது உங்கள் கையெழுத்து. 6 ஆண்டுகளாக ஒரே நிர்வாகிகள் எப்படி நீடித்தார்கள் என்ற கேள்விக்கு விடை அந்தப் பக்கத்திலேயே இருக்கலாம். இனிமேல் அப்படிக் கையெழுத்திடாதீர்கள். வருகைக்குத்தான் கையெழுத்து என்றால், பக்கத்தின் முதல் வரியில் 'இன்ன தேதி கூட்டத்துக்கு வந்தவர்கள்' என்று எழுதச் சொல்லி, அதை ஒட்டி இடைவெளி விடாமல் கையெழுத்திட்டு, பக்கத்திலேயே தேதியும் நேரமும் போடுங்கள். தீர்மானத்துக்கான கையெழுத்து என்றால், தீர்மானத்தை எழுதி முடித்து எல்லோரும் கேட்க வாசித்த பிறகு, கடைசி வரிக்குக் கீழே ஒரு கோடு இழுத்து, அந்தக் கோட்டுக்கு அடியில் இடுங்கள். இதைச் செய்வதற்குச் சண்டை போட வேண்டியதில்லை. 'எழுதி முடிங்க சார், இருந்து போட்டுட்டுப் போறோம்' என்று நான்கு பேர் நின்றாலே போதும்.

இதில் நான் உங்களுக்குப் புத்தி சொல்லும் இடத்தில் மட்டும் இருப்பவன் அல்லன். 1996-இல் மலையடிவாரத்து ஊர் ஒன்றில் தலைமையாசிரியராக இருந்தேன். கழகக் கூட்டத்தில் நன்றியுரை முடியும் தறுவாயில், பின்வரிசையில் இருந்த தச்சர் ஒருவர் எழுந்து, 'சார், நான் செஞ்சு கொடுத்த பெஞ்சு 24. இப்பம் எண்ணிப் பாத்தா 19தான் கெடக்கு. மிச்சம் எங்க?' என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. கணக்கெல்லாம் அலுவலகத்தில் இருக்கிறது, நாளைக்கு வந்து பாருங்கள் என்று சொல்லிக் கூட்டத்தை முடித்துவிட்டேன். மறுநாள் காலை 9 மணிக்கு அவர் வந்து நின்றார். இருப்புப் பதிவேட்டைத் திறந்தால், 24 பெஞ்சு வாங்கியது எழுதியிருந்தது. அதற்குப் பிறகு ஒரு வரிகூட இல்லை. இருவரும் வகுப்பு வகுப்பாக நடந்தோம். அவர் ஒவ்வொரு பெஞ்சையும் சாய்த்து, அடிப்பலகையில் உளியால் கொத்தியிருந்த சிறு பெருக்கல் குறியைக் காட்டினார். அது அவர் தம் வேலைக்கு இடும் அடையாளம். விசாரித்ததில், முந்தைய ஆண்டு அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வில்லுப்பாட்டுக் கேட்க வருபவர்கள் உட்கார என்று கழகத் தலைவர் 5 பெஞ்சுகளை எடுத்துப் போயிருக்கிறார். இரண்டு கோயில் கொட்டகையில் மழையில் நனைந்து கிடந்தன. மூன்று உடைந்து, அடுப்புக்குப் போய்விட்டன. யாரும் திருடவில்லை. யாரும் எழுதி வைக்கவும் இல்லை. ஊர்க்காரியம் என்று தலைவர் வாய்மொழியாகக் கேட்டார், நான் வாய்மொழியாகச் சரி என்றேன், அத்துடன் மறந்தும் போனேன். 15 பிள்ளைகள் அந்த வருடம் தரையில் உட்கார்ந்து எழுதினார்கள் என்பதை அந்தத் தச்சர் சொல்லித்தான் நான் கவனித்தேன். அந்த மாதத்திலிருந்து கழகத்தின் வரவு செலவைப் பள்ளி வாசலில் ஒரு கரும்பலகையில் எழுதி வைத்தோம். அவரிடம் அன்றைய கூட்டத்தில் நான் காட்டிய முகத்துக்கு இன்றும் வருந்துகிறேன்.

இதை எழுதுவதற்குக் காரணம், உங்கள் பள்ளியிலும் களவு நடந்திருக்கிறது என்று எடுத்த எடுப்பில் முடிவு கட்டிவிடாதீர்கள் என்பதற்காகத்தான். என் அனுபவத்தில் கழகங்களில் களவு குறைவு, எழுதாமை அதிகம். கழகப் பணத்தில்தான் பல பள்ளிகளில் தூய்மைப் பணியாளருக்கும், காலியிடத்தில் தற்காலிகமாகப் பாடம் எடுக்கும் ஆசிரியருக்கும் சம்பளம் கொடுத்திருக்கிறார்கள். நியாயமான செலவுதான். ஆனால் அதற்கு வவுச்சர் இருக்காது, ரசீது இருக்காது, கேட்டால் கோபம் வரும். கோபம் வருவதாலேயே ஏதோ இருக்கிறது என்று ஊரில் பேச்சு வரும். எழுதாமல் விட்ட இடத்தில் பிறகு களவும் வந்து உட்கார்ந்துகொள்ளும் என்பதையும் நான் மறுக்கவில்லை.

300 ரூபாயைப் பற்றி. அரசுப் பள்ளியில் 8-ஆம் வகுப்பு வரை சேர்க்கைக்குக் கட்டணம் கிடையாது. கழகத்துக்குத் தருவது நீங்கள் விரும்பித் தருவது. அதைக் கட்டினால்தான் சேர்க்கை என்று சொன்னால் அது கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவுக்கு விரோதம். வாங்கிய தொகையைப் போல் பத்து மடங்கு வரை அபராதம் விதிக்க அந்தப் பிரிவில் இடம் இருக்கிறது. விரும்பித் தந்திருந்தாலும் எண்ணிட்ட, அச்சிட்ட ரசீது தர வேண்டும். ரசீது இல்லாத பணம் வரவில் ஏறியதா என்று யாராலும் சரிபார்க்க முடியாது.

இனி, கணக்கு எப்படிக் கேட்பது? வாயால் கேட்காதீர்கள், எழுதிக் கேளுங்கள். கழகத்தின் விதிமுறை நகல், கடந்த மூன்று ஆண்டுகளின் வரவு செலவு, வங்கிக் கணக்கு அறிக்கை, கடைசியாக நிர்வாகிகள் தேர்வு நடந்த பொதுக்குழுவின் தீர்மானம் ஆகியவற்றைப் பெற்றோர் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று நான்கைந்து வரியில் எழுதினால் போதும். அதில் யாரையும் குற்றம் சொல்லும் வார்த்தை ஒன்றுகூட இருக்கக் கூடாது. இரண்டு படிகள் எடுத்துச் சென்று, ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றொன்றில் 'பெற்றுக்கொண்டேன்' என்று தேதியும் பள்ளி முத்திரையும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் விரைவுத் தபாலில் அனுப்பி அந்தச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். வெள்ளத்தில் நோட்டு நனைந்தது என்பது உண்மையாகவே இருக்கலாம். தாமிரவருணிக் கரையில் அந்த இரண்டு நாட்களில் எத்தனையோ வீடுகளில் பத்திரங்களே போய்விட்டன. ஆனால் வங்கியின் ஏடு நனையவில்லை. கழகத்தின் பெயரில் உள்ள கணக்குக்கு அறிக்கை தரும்படி நிர்வாகிகள் வங்கியில் விண்ணப்பித்தால் பழைய ஆண்டுகளின் வரவையும் பற்றையும் பெறலாம். வெள்ளத்துக்குப் பிந்தைய கணக்குக்கு அந்தக் காரணமும் பொருந்தாது.

பதில் வரவில்லை என்றால், மாவட்டக் கல்வி அலுவலருக்கும் முதன்மைக் கல்வி அலுவலருக்கும் அதே கடிதத்தின் நகலை இணைத்து எழுதுங்கள். கொக்கிரகுளத்தில் உள்ள ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை தோறும் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுவாகவும் தரலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 கடைசியாக இருக்கட்டும். பல பள்ளிகளில் தலைமையாசிரியரே கழகத்தின் செயலர். ஆவணங்கள் பள்ளியில் அவர் பொறுப்பில் இருப்பவை. எனவே 10 ரூபாய்க் கட்டணத்துடன் பள்ளியின் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பித்துக் கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் அடுத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு. இது கூர்மையான ஆயுதம். ஒரே ஊரில் நாளைக்கும் முகம் பார்க்க வேண்டியவர்கள் மீது முதல் நாளே அதை எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து.

'ஒங்க பையனும் இங்கனதான படிக்கான்' என்ற வார்த்தையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு தாயின் வாயை அடைக்க இதைவிடக் கொடிய வார்த்தை இல்லை. இந்தப் பயத்துக்கு மருந்து, தனியாகப் போகாமல் இருப்பது. ஒருத்தி கேட்டால் அவள் பிள்ளையை நினைவில் வைத்துக்கொள்வார்கள். 12 பேர் கேட்டால் 12 பிள்ளைகளை யாராலும் குறிவைக்க முடியாது. வகுப்பாசிரியர்களிடம் முன்கூட்டியே பேசுங்கள். அவர்களில் பெரும்பாலோர் உங்கள் பக்கம் நிற்பார்கள் என்று நம்புகிறேன், ஏனென்றால் தண்ணீர் இல்லாத பள்ளியில் அவர்களும்தான் நாள் முழுவதும் இருக்கிறார்கள். அப்படியும் ஒரு குழந்தையை யாரேனும் வகுப்பில் அவமானப்படுத்தினால், கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையை மட்டுமல்லாமல் மனத்தைத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது என்பதை நினைவில் கொள்ளுங்கள். என்ன நடந்தது, எந்தத் தேதி, யார் இருந்தார்கள் என்று அன்றே எழுதி வைத்துவிட்டு, பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற உதவி எண்ணிலோ, குழந்தைகளுக்கான 1098 என்ற எண்ணிலோ தெரிவியுங்கள்.

கேள்வி: தென்னாட்டு ஆக்ஸ்ஃபோர்டு என்று சொல்லப்படும் பாளையங்கோட்டையில் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் என் மகன் படிக்கிறான். கட்டணத்தோடு பி.டி.ஏ. (பெற்றோர் ஆசிரியர் கழகம்) என்று ஆண்டுக்கு 1,000 ரூபாய் வாங்குகிறார்கள். கழகத்தின் தலைவர் யார் என்று எந்தப் பெற்றோருக்கும் தெரியாது. கூட்டம் என்றால் மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போடுவதுதான். வாட்ஸ்அப் குழுவில் நிர்வாகம் மட்டுமே எழுத முடியும். பள்ளி மேலாண்மைக் குழு வேண்டும் என்று கேட்கலாமா?

– தந்தை ஒருவர், பாளையங்கோட்டை

பதில்: ஐயா, அந்தக் கோரிக்கையை வைக்காதீர்கள், முதல் படியிலேயே உங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்தக் குழுவை அமைக்கச் சொல்லும் கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்குப் பொருந்தாது. நீங்கள் பிடிக்க வேண்டிய நுனி அந்த 1,000 ரூபாய். தனியார் பள்ளிகளின் கட்டணத்தை முறைப்படுத்தத் தமிழ்நாட்டில் 2009-இல் தனிச் சட்டம் வந்தது. ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதியின் தலைமையில் அமைந்த குழு ஒவ்வொரு பள்ளிக்கும் கட்டணத்தை நிர்ணயிக்கிறது. உங்கள் பள்ளிக்கு நிர்ணயித்த தொகை என்ன, இந்த 1,000 அதற்குள் அடங்கியதா, அதற்கு மேலா, அது பள்ளியின் கணக்கில் சேர்கிறதா, கழகத்தின் கணக்கில் சேர்கிறதா என்று எழுதிக் கேளுங்கள். தனியார் பள்ளிகளுக்கென்று உள்ள மாவட்டக் கல்வி அலுவலருக்கு அதன் நகலை அனுப்புங்கள்.

கழகம் சங்கமாகப் பதிவு செய்யப்பட்டது என்றால் 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் அதைக் கட்டுப்படுத்தும். ஆண்டுப் பொதுக்குழு கூட்ட வேண்டும், தணிக்கை செய்த கணக்கைப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாதவர்கள் சேர்ந்து விண்ணப்பித்தால் பதிவாளர் விசாரணை நடத்தவும் அச்சட்டத்தின் 36-ஆம் பிரிவில் வழி உண்டு. பதிவே செய்யப்படவில்லை என்றால், எந்த அமைப்பின் பெயரில் ஆண்டுதோறும் பணம் வாங்குகிறீர்கள் என்ற கேள்வி தானாகவே எழும். பெற்றோர்கள் தனியாக வாட்ஸ்அப் குழு தொடங்குவதில் தவறில்லை, ஆனால் அதில் ஆசிரியர்களை ஏசத் தொடங்கினால் நான்காம் நாள் நல்லவர்கள் வெளியேறிவிடுவார்கள். நிர்வாகத்துக்கு எழுதிய கடிதமும் வந்த பதிலும் மட்டும் அதில் இருக்கட்டும்.

கேள்வி: மூன்று மாதங்களுக்கு முன் எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் என்னைப் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். பழைய நிர்வாகம் போல இல்லாமல் எல்லாவற்றையும் சீராகச் செய்ய நினைத்தேன். முதல் கூட்டத்துக்கு 412 பெற்றோரில் 23 பேர் மட்டுமே வந்தார்கள். குறை சொல்ல நூறு பேர் இருக்கிறார்கள், வந்து உட்கார ஆளில்லை. ஊர்க்காரர்களுக்கு அக்கறை இல்லாதபோது நான் ஏன் பாடுபட வேண்டும்?

– களக்காடு வட்டாரத்திலிருந்து

பதில்: தம்பி, உங்கள் சலிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் அக்கறை இல்லை என்ற தீர்ப்பை நான் ஏற்கவில்லை. இந்த இதழின் முதல் கடிதத்தைப் படியுங்கள். அந்தத் தாய் கூலியை விட்டுவிட்டுக் கூட்டத்துக்குப் போயிருக்கிறார். பொன்னாடையைப் பார்த்துவிட்டு, வெற்றுப் பக்கத்தில் கையெழுத்திட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறார். அப்படி இரண்டு முறை திரும்பிய ஒருவர் மூன்றாம் முறை ஏன் வர வேண்டும்? உங்கள் ஊரிலும் பழைய நிர்வாகம் பல ஆண்டுகள் அப்படித்தான் நடத்தியிருக்கும். அவர்கள் வீணாக்கிய நம்பிக்கைக்கான கடனை இப்போது நீங்கள் அடைக்கிறீர்கள். அது ஒரு கூட்டத்தில் தீராது.

கூட்டம் எந்த நேரத்தில் வைத்தீர்கள் என்று எழுதவில்லை. வேலை நாளின் முற்பகல் என்று நினைக்கிறேன். உங்கள் பகுதியில் வாழைத் தோட்டத்துக்கும் வயலுக்கும் நூறு நாள் வேலைக்கும் போகும் பெண்கள்தான் தாய்மார்களில் பாதிப் பேர். பிசான நெல் சாகுபடிக்கு நடவு நடக்கும் வாரத்தில் முற்பகல் 11 மணிக்குக் கூட்டம் வைத்துவிட்டு அவர்கள் வரவில்லை என்று சொல்வது நியாயமாகாது. ஞாயிற்றுக்கிழமை காலை வைத்தால் கோவிலுக்குப் போகும் கிறிஸ்தவக் குடும்பங்கள் வர முடியாது. ஊர்க்கொடை நடக்கும் வாரத்தில் யாருமே வரமாட்டார்கள். வேலை முடிந்து வரும் மாலை 5 மணியோ 6 மணியோதான் பொருந்தும் என்பது என் அனுமானம். என் அனுமானத்தைவிட அவர்களையே கேட்பது நல்லது: பிள்ளைகளிடம் ஒரு சீட்டுக் கொடுத்து, எந்தக் கிழமை, எந்த நேரம் வசதி என்று எழுதி வாங்குங்கள். எழுதத் தெரியாத வீட்டில் பிள்ளை எழுதித் தரட்டும். அழைப்பை ஒரு வாரத்துக்கு முன்பே அனுப்புங்கள், என்னென்ன பேசப் போகிறோம் என்ற நிகழ்ச்சிநிரலோடு. 'முக்கிய விஷயங்கள் விவாதிக்கப்படும்' என்ற வரியைப் பார்த்து எந்தத் தாயும் வேலையை விட்டு வரமாட்டார். '8-ஆம் வகுப்புக்கு 4 மாதமாகக் கணக்கு ஆசிரியர் இல்லை, என்ன செய்யலாம்' என்று எழுதியிருந்தால் வருவார்.

கூட்டத்தில் முதல் காரியமாக வரவு செலவை வாசியுங்கள். இருப்பு 4,150 ரூபாய்தான் என்றாலும் அதை வாசியுங்கள். அடுத்து, சென்ற கூட்டத்தில் எடுத்த தீர்மானங்களில் எது நடந்தது, எது நடக்கவில்லை, ஏன் நடக்கவில்லை என்று சொல்லுங்கள். அதன் பிறகு பெற்றோர் பேசட்டும். விருந்தினரை அழைத்தே தீர வேண்டும் என்றால் அவர் கடைசியில் பேசட்டும், பெற்றோர் சொன்னதைக் கேட்டுவிட்டுப் பேசட்டும். பொன்னாடையை நிறுத்துங்கள், அந்தப் பணத்துக்குக் குழாய் வாங்கலாம். பெண்கள் கூட்டத்தில் எழுந்து பேசத் தயங்குவார்கள் என்பதால், பெரிய கூட்டத்துக்கு முன் வகுப்பு வாரியாக அரை மணி நேரம் உட்கார்ந்து பேச வையுங்கள். வகுப்பறையில், தன் பிள்ளை உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்த தாய் பேசுவார்.

நீங்கள் தலைவராக இருக்கும் காலத்திலேயே உங்களுக்குப் பின் வருபவர் எப்போது, எப்படித் தேர்ந்தெடுக்கப்படுவார் என்பதையும் பொதுக்குழுவில் வைத்து எழுதிவிடுங்கள். நல்ல மனத்தோடு வந்து, மாற்ற ஆளில்லை என்ற காரணத்தாலேயே 8 ஆண்டு, 10 ஆண்டு இருந்து, கடைசியில் ஊர்ப் பழியோடு போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வராத 389 பேரை இப்போதைக்கு விடுங்கள். வந்த 23 பேரின் பெயரும் உங்கள் வருகைப் பதிவேட்டில் இருக்கும். அவர்கள் அன்றைக்கு என்னென்ன சொன்னார்கள் என்று எழுதி வைத்திருக்கிறீர்களா? எழுதியிருந்தால், ஒவ்வொன்றுக்கும் இந்த மூன்று மாதத்தில் என்ன செய்தீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதி, அந்த 23 வீட்டுக்கும் நீங்களே நடந்து போய்க் கொடுங்கள். எழுதவில்லை என்றால், அவர்களிடம் போய் மறுபடியும் கேட்டு, இந்த முறை அவர்கள் கண் முன்னாலேயே எழுதிக்கொள்ளுங்கள்.